எல்லாக் கார்டுக்கும் ஒரே புழுதி

ஏனுங்கண்ணா, உக்காருங்க. ஆளில்லீங்க. அந்தப் பைய மட்டும் நானு இக்கட்டால, எம் பக்கமா எடுத்து வெச்சுக்கறன், அதுல சீர்ச் சாமானம் இருக்குது. போனு அப்படியே மேசை மேலயே கெடக்கட்டும். எப்ப வேணும்னாலும் கூப்புடுவாங்க. கரூர் பஸ்ஸுங்களா? இப்பத்தான் ஒண்ணு போச்சு. அடுத்தது வர நேரமாகும். மாஸ்டர், அண்ணனுக்கு ஒரு டீ போடுங்க. எனக்கும் இன்னொண்ணு.

பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு காலங்காத்தால பேக்கரியில உக்காந்திருக்கறானேன்னு பாக்கறீங்க. பாக்கறதுல தப்பில்லீங்க. எந்தங்கச்சி பொண்ணுக்கு இன்னிக்குக் காதுகுத்து. இங்கிருந்து மினி பஸ்ஸுல போனா அவங்க குலதெய்வம் கோயிலு, சித்தெ நேரந்தான். நாந்தான் தாய்மாமன். ஒரே தாய்மாமன். எங்கப்பனுக்கு நாங்க ரெண்டே பேரு, நானும் எந்தங்கச்சி கௌசல்யாவும். கொழந்தைய மடியில வெச்சுக்கறதுக்கு என்னை விட்டா வேற ஆளே கெடையாதுங்க. மொட்டையடிக்கறதும் எம் மடியிலதான், காது குத்தறதும் எம் மடியிலதான். நானு போயி மணையில உக்காந்தாத்தான் ஆசாரி ஊசியவே எடுக்க முடியும்.

அப்பறம் ஏன் இங்க உக்காந்திருக்கறன்னு கேக்கறீங்களா? தாய்மாமன் தானா போயி நிக்கக் கூடாதுங்க. மாப்பள வந்து மேளத்தோட கூட்டிட்டுப் போகோணும். காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல இருக்கற பேக்கரியில இருக்கறன்னு தங்கச்சிக்கு மெசேஜ் போட்டுட்டனுங்க. ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. பாத்துட்டாங்க. வருவாங்க. வராம எங்க போயிருவாங்க? நல்ல நேரம் முடியறதுக்குள்ள குத்தியாகோணுமில்ல.

சண்டைதானுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? எம் மாப்பள தனபாலுக்கும் எனக்கும் சண்டை. மண்ணு, வரப்பு, நகைநட்டுன்னு நெனைக்காதீங்க. அதெல்லாம் ஒரு குண்டுமணி அளவு கூட இல்லீங்க. புழுதி. புழுதியால வந்த சண்டை. சிரிக்காதீங்கண்ணா, கேளுங்க.

தனபாலும் நானும் கோயமுத்தூருல ஒரே காலேஜு, ஒரே ரூமு. அப்ப இருந்தே மாப்ள, மாப்ளன்னுதான் கூப்புட்டுக்குவோம். பின்னால எந்தங்கச்சியவே கட்டி நெசமாவே மாப்பளையாயிட்டான். ரெண்டு பேருஞ் சேந்து சரவணம்பட்டியில ஒரு கேம் கம்பெனி போட்டோம். செல்போனுல கோழி முட்டை பொறுக்கற கேமில்லீங்க. கம்ப்யூட்டருல வெளையாடறது. ரேக்ளா ரேஸு. அவன் இந்தப் பக்கத்து ஆளு, ரேக்ளான்னா உசுரு. காளையோட தெமிலு குலுங்கறதுல இருந்து சாட்டக்குச்சி வரைக்கும் ஒண்ணு விடாமச் செஞ்சோம். பாத்தவங்கெல்லாம் அசந்துட்டாங்க. புழுதி ஒண்ணுதான் பாக்கி.

ரேக்ளாவுல பாதி அழகு புழுதிதானுங்க, உங்களுக்குத் தெரியாததா? வண்டி போன பொறவும் புழுதி நிக்கும், அதுக்குள்ளயிருந்து அடுத்த வண்டி பொத்துக்கிட்டு வரும். அதைக் கம்ப்யூட்டருல கொண்டாறது லேசுப்பட்ட காரியமில்லீங்க. ஒவ்வொரு மண்ணுப் பொடிக்கும் தனித்தனியாக் கணக்குப் போடோணும். சக்கரம் பட்டா எப்படித் திரும்பும், காத்து அடிச்சா எப்படி ஒதுங்கும்னு. லச்சக்கணக்குல பொடி. அந்தக் கணக்கப் போடறதுக்குக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கார்டு இருக்குதுங்க. கிராபிக்ஸ் கார்டு. படம் வரையறதும் அதுதான்.

அந்தக் கார்டுகிட்ட நாம வேலை சொல்றதுக்கு ஒரு முறை இருக்குது. ஏபிஐம்போம். பொதுவா ஒண்ணு இருக்குதுங்க, எந்தக் கம்பெனிக் கார்டா இருந்தாலும் அது சொன்னாக் கேக்கும். அது பத்தாதுன்னு கார்டுக் கம்பெனிக்காரன் ஒவ்வொருத்தனும் தனக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிருப்பான். அதுல எழுதுனா அவன் கார்டுல பறக்கும். அடுத்தவன் கார்டுல பேச்சு மூச்சு இருக்காது. ஜாரு ஒடைஞ்சா அந்த மிக்ஸிக் கம்பெனி ஜாருதான் பொருந்தும், வேறெதுவும் உக்காராது பாருங்க, அந்த மாதிரி. புரியுதுங்களா? புரியலைன்னாலும் பரவாயில்லீங்க, என் டீமுல இருந்தவங்களுக்கே லேசுல புரியாது.

ஓரிக்ஸுன்னு ஒரு கார்டுக் கம்பெனி. அவங்க தனி ஏபிஐக்கு டெம்பெஸ்ட்டுன்னு பேரு. தனபாலு எங்கயோ ஒரு மாநாட்டுக்குப் போனவன் அவங்க ஆளு ஒருத்தரப் புடிச்சுட்டு வந்துட்டான். அந்த ஆளு பெங்களூருல இருந்து வந்தாரு, எங்க ஆபீஸுல உக்காந்தாரு, ரெண்டு நாளுல புழுதிய எழுப்பிக் காட்டிட்டாரு. நானு பாத்தனுங்க. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. வெய்யிலு அந்தப் புழுதிக்குள்ள பூந்து செவப்பா வந்துச்சு. தனபாலு கண்ணுல தண்ணி நின்னுக்கிச்சு. "மாப்ள, எங்கூருடா"ங்கறான்.

நானு ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டன். இந்தக் கார்டு இல்லாதவனுக்கு? அந்த ஆளு சிரிச்சாரு. இல்லாதவனுக்குப் புழுதி ஆஃபுங்களாம். வண்டி ஓடும், காளை ஓடும், எல்லாம் ஓடும், புழுதி மட்டும் வராது. சிமெண்டு ரோட்டுல ரேக்ளா ஓட்டற மாதிரி இருக்குமுங்க. அதைப் பாத்துட்டு எவனாவது சும்மா இருப்பானா?

அன்னிக்கு ஆரம்பிச்சதுங்க பேச்சு. "மாப்ள, அது இருக்கறவனுக்கு எச்சா ஒண்ணு குடுக்கறோம். இல்லாதவன்கிட்ட இருந்து எதையும் புடுங்கலையே"ம்பான் அவன். "டேய், புழுதி எச்சு இல்லடா, புழுதிதாண்டா ரேக்ளா"ம்பன் நானு. "பொது ஏபிஐயில இந்த வசதி வர்றதுக்குள்ள நமக்குத் தலை நரைச்சுரும். யாராவது மொதல்ல செஞ்சு காட்டுனாத்தான் பின்னால பொதுவுக்கும் வரும்"ம்பான். "இன்னிக்குப் புழுதிய அவங்கையில குடுப்ப, நாளைக்குக் காளைய அவங்கையில குடுப்ப, அப்பறம் கம்பெனி போர்ட எடுத்து அவன் வாசல்ல மாட்டிருவியா"ம்பன். ஒரு தடவையாவது அவனால எனக்குப் பதில் சொல்ல முடிஞ்சுதுங்களா? முடியல. எந்திரிச்சு வெளிய போயிருவான். பேச்சுல தோத்தவன்தானுங்க எந்திரிச்சுப் போவான்?

என் கொள்கை ஒண்ணே ஒண்ணுதான். எவனும் "நானில்லாம உன் காரியம் நடக்காது"ன்னு கட்டிப் போடக் கூடாது. கார்டு எவங்கிட்ட வாங்குனா என்ன? எல்லாம் கார்டுதான். இவன் இல்லைன்னா அவன் செய்யோணும். அப்படித்தான் எழுதோணும். அதுக்குப் பேருதான் நியாயம். இதை ஆபீஸுல போர்டுல எழுதியே போட்டனுங்க. டீமுல இருந்த நாலு பேரும் தலையாட்டுனாங்க. பொறவு அந்த நாலு பேருல மூணு பேரு தனபாலோட போயிட்டாங்க, அது வேற கதை. இருந்த ஒருத்தனும் வேற வேலை கெடைச்சுப் போயிட்டான்.

நாங்க ஆபீஸுல பேசுனது பத்தாதுன்னு சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புலயும் போட்டனுங்க. ஆமாங்க, குடும்பத்துல எல்லாருக்கும் தெரியோணுமில்ல? சித்தப்பா காலை வணக்கம் போடுவாரு, அதுக்குக் கீழ நானு எந்தக் கார்டுல எத்தனை ஃபிரேம் ஓடுதுன்னு படம் போடுவன். அத்தை ஒருத்தங்க தினமும் கும்புடு போட்டாங்க. பெரியவங்களும் எம் பக்கந்தான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. கௌசல்யாதான் தனியாக் கூப்புட்டு, "அண்ணா, குரூப்புல வேண்டாண்ணா, அவங்க அப்பாவெல்லாம் பாக்கறாங்க"ன்னா. பாக்கட்டுமே. பாக்கத்தானே போடறது?

வளைகாப்பு அன்னிக்கும் இதேதாங்க. கௌசல்யாவுக்கு ஏழாம் மாசம். நாங்க வளையலெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிருந்தோம். அன்னிக்குத்தான் அந்த ஓரிக்ஸு ஆளும் வந்திருந்தாரு. விருந்துக்குக் கூப்புட்டிருக்கானுங்க தனபாலு! எங்க வூட்டு விசேசத்துல, எனக்கு எதுத்த எலையில, அந்த ஆளு உக்காந்து அவரைக்கா பொரியலு கேட்டு வாங்கித் திங்கறாரு. என்னால தாங்க முடியல. எந்திரிச்சுச் சொல்லிட்டன். "இந்தப் புழுதிய வித்துத்தான் எம் மாப்பள எந்தங்கச்சிக்குச் சோறு போடறான், எல்லாரும் நல்லாச் சாப்புடுங்க"ன்னு. உள்ள பொம்பளைங்க பாட்டு கூட நின்னு போச்சு. கௌசல்யா கையில பாதி வளையலு ஏறியிருந்துச்சு, அப்படியே உக்காந்து அழுகறா. மாசமா இருக்கற பொண்ணுங்க சும்மாவே அழுவாங்கதானுங்க? அதையெல்லாம் பெருசு பண்ணிக்கிட்டு மறு வாரமே தனபாலு தனியாப் போயிட்டான். காளையெல்லாம் அவன் வரைஞ்சது, எடுத்துக்கிட்டான். எனக்கு அது வேண்டாம், நியாயம் எங்கிட்ட இருந்துச்சு.

அவன் டெம்பெஸ்ட்டுல போட்டுக் கேம வெளிய விட்டான். அந்தக் கார்டு வெச்சிருந்தவங்கெல்லாம் ஆகா ஓகோன்னாங்க. இல்லாதவங்க? அதைச் சொல்லுங்க! ஒருத்தரு எழுதியிருந்தாருங்க, "வண்டி நல்லா ஓடுது, ஆனா கழுவி விட்ட தரையில ஓடுது"ன்னு. நானு அதை அப்படியே எடுத்து குரூப்புல போட்டன். அத்தை கும்புடு போட்டாங்க.

நானும் சும்மா உக்காந்திருக்கலீங்க. தனியா ஒரு புழுதி எழுதுனன். சுத்தமாப் பொது ஏபிஐயில. எல்லாக் கார்டுக்கும் ஒரே புழுதி. ஒரு பொடி எச்சு இல்ல, ஒரு பொடி கம்மி இல்ல. ஒரு வருசத்துக்கும் மேல ஆச்சு. வேகமுங்களா? வேகம் கொஞ்சம் கம்மிதான். வண்டி நின்னு நின்னுதான் போகும். ஆனா எல்லாக் கார்டுலயும் ஒரே மாதிரி நின்னு நின்னு போகுமுங்க, அதுலதான் இருக்குது விசயம். வெளிய விட்டனான்னு கேக்கறீங்களா? புழுதி முடிஞ்சுதுங்க, வண்டியும் காளையும் இன்னும் வரையோணும். அதுக்கு ஆளு தேடிக்கிட்டிருக்கறன்.

டீ ஆறுது பாருங்க, குடிங்க. தேங்கா பன்னு நல்லாருக்கும் இங்க. வேண்டாங்களா? செரி.

இப்பத்தான் கவனமாக் கேக்கோணும். போன வருசம் ஓரிக்ஸு கம்பெனிக்காரன் ஒரு நாளு அறிவிச்சுட்டான், டெம்பெஸ்ட்ட நிறுத்திட்டோம்னு. அவ்வளவுதான்! புதுசா வர்ற கார்டுல அது வேலை செய்யாது. காசு குடுத்து வாங்குன அதே கார்டுக்காரனுக்கே இனிமே புழுதி இல்ல. நானு ஆரம்பத்துல இருந்து என்ன சொன்னன்? எழுத்து மாறாம நடந்துச்சுங்களா இல்லீங்களா? ஏன் நிறுத்துனாங்கன்னா, அந்த வசதியே பொது ஏபிஐக்குள்ள வந்துருச்சாம், இனி தனியா எதுக்குன்னு விட்டுட்டாங்களாம். இவங்க காட்டுனதப் பாத்துத்தான் பொதுவுல சேத்தாங்கன்னு சொல்லிக்கறாங்க. என்னமோ சொல்லிட்டுப் போகட்டும். நிறுத்துனாங்களா இல்லையா? அதுதான் பேச்சு.

எனக்கு இருந்த சந்தோசத்துக்கு அன்னிக்கே மைசூர்பா ஒரு பெரிய டப்பா வாங்கி தனபாலு வூட்டுக்கு அனுப்பி வெச்சனுங்க. மேல ஒரு சீட்டு ஒட்டி, "டெம்பெஸ்ட்டுக்குக் கருமாதி, லோகநாதன்"னு எழுதி. பாருங்க, அன்னிக்குப் பாத்து கொழந்தைக்குக் காய்ச்சலு எச்சாயி ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்களாம். டப்பா வாசல்லயே கெடந்து எறும்பு மொய்ச்சிருச்சாம். எனக்கு எப்படித் தெரியும்? குரூப்புல யாராவது போட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். அப்பறந்தான் தெரிஞ்சுது, என்னை விட்டுட்டு அவங்க வேற குரூப்பு வெச்சிருக்கறாங்கன்னு.

அதுக்குப் பொறவு ஒரு நாளு தனபாலே போன் பண்ணுனான். எத்தனையோ நாளைக்கப்பறம் அவங் கொரலு. "மாப்ள, அந்தப் பொதுப் புழுதி எழுதுனியே, அதைக் குடுக்கறியா? உம் பேரு மொதல்ல போட்டுக்கலாம். காளை எங்கிட்ட இருக்குது, புழுதி உங்கிட்ட இருக்குது"ன்னான். எப்படிங்க குடுப்பன்? அது நானு எழுதுனது. நானு உக்காந்து ஓட்டுனாத்தான் ஓடும், வேற ஒருத்தங் கைய வெச்சாக் கெட்டுரும். அப்படித்தான் எழுதி வெச்சிருக்கறன். "மொதல்ல நீ செஞ்சது தப்புன்னு ஒத்துக்க, நாலு பேரு முன்னாடி ஒத்துக்க, அப்பறம் புழுதியப் பத்திப் பேசலாம்"னன். செரி மாப்ளன்னு வெச்சுட்டான். நானில்லாம என்ன பண்ணுவான்னு நெனைச்சன். அவன் டீமுல ஒரு அம்மிணி, அமுதவல்லின்னு பேராம், பொதுவுல புதுசா வந்த வசதிய வெச்சு ஒரு மாசத்துல எழுதிட்டாளாம். இப்ப எல்லாக் கார்டுலயும் அந்தப் புழுதி ஓடுதுங்களாம். நானு பாக்கல. பாக்கவும் மாட்டன்.

இத்தனைக்கும் நடுவுல காதுகுத்து வருதுங்க. கௌசல்யா நேருல வந்தா. தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகையெல்லாம் வெச்சு முறையா வந்தா. கொழந்தையும் கூட்டிட்டு வந்திருந்தா. நிதர்சனான்னு பேரு, மூணு வயசு ஆகப் போகுது. நானு கைய நீட்டுனா அம்மா சேலைக்குள்ள மொகத்தப் பொதைச்சுக்குது. "அண்ணா, உங்க மடி வேணும், மறுக்கக் கூடாது"ன்னா. எம் மடி எங்க போகப் போகுது? தாராளமாத் தாரன்னன். ஆனா ஒரே ஒரு வார்த்தை. கோயிலுல எல்லாரும் இருக்கறப்ப உம் புருசன் சொல்லோணும். டெம்பெஸ்ட்டு விசயத்துல லோகநாதன் சொன்னதுதான் செரின்னு. அதைச் சொல்லி மேளத்தோட வந்து கூப்புட்டான்னா அடுத்த நிமிசம் நானு மணையில உக்காந்திருப்பன்னு சொன்னன்.

அவ தட்டக் கீழ வெச்சா. "அண்ணா, அதை ஏண்ணா பாப்பா காதுல கொண்டாந்து வெக்கறீங்க?"ன்னா. பின்ன எதுல வெக்கறது, நீங்களே சொல்லுங்க? வேற எதுக்கு அவனுக்கு எங்கிட்ட வேலை இருக்குது? இது ஒண்ணுதான் நானில்லாம முடியாதது. கேட்டுப் பாக்கறண்ணான்னு சொல்லிட்டுப் போனவதான். ஒரு சேதியும் வரல. நானும் வேட்டியக் கட்டிக்கிட்டு விடியறப்பவே பஸ் ஏறிட்டன். கடைசி நேரத்துல தேடி அலையக் கூடாதில்ல? நமக்கு எவ்வளவு கோவம் இருந்தாலும் கொழந்தை காரியம் நிக்கக் கூடாதுங்க. அதுலயெல்லாம் நானு கறாரு.

அதா, போனு. பாத்தீங்களா? சொன்னனா இல்லையா? ஒரு நிமிசமுங்க. தங்கச்சிதான்.

சொல்லும்மா. ஆமா, இங்கதான். பேக்கரியிலதான். மேளம் கெளம்பிருச்சா?... என்ன?... எப்ப?... இரு, சத்தமாச் சொல்லு, கேக்கல... யாரு மடியில?... அதெப்படி?... அதெப்படிம்மா?... ஏம்மா, ஒரு வார்த்தை... ம்... ம்... குடு. குடுன்னு சொல்றனில்ல, அவங்கிட்டயே குடு... ம்... ம்... ஆமா... செரி. செரி. போதும். வெச்சரட்டுமா?

குத்தியாச்சாமுங்க.

மொட்டையடிச்சு, குத்தி, சந்தனம் கூடப் பூசியாச்சாம். சாப்பாடு எடுத்து வெக்கட்டுமாண்ணா, இல்லை ஊருக்குக் கெளம்பறீங்களான்னு கேக்கறா. யாரு மடியிலன்னு கேட்டனுங்க. எம் மடியிலதாண்ணான்னா. பெத்தவ மடியிலயேங்க! எங்கயாவது கேள்விப்பட்டிருக்கறீங்களா? பூசாரி கேட்டிருக்கறாரு, தாய்மாமன் எங்கம்மான்னு. இவ சொல்லியிருக்கறா, "எங்கண்ணன் பொறந்த வயித்துலதாஞ் சாமி நானும் பொறந்தன், அந்த மடியும் இந்த மடியும் ஒண்ணுதான், குத்துங்க"ன்னு. அவரும் செரின்னுட்டாராம். ஆசாரியும் செரின்னுட்டாராம். ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, இது முறையில்லைன்னு வாயத் தொறக்கலீங்க.

பொறவு தனபாலு போன வாங்குனான். "மாப்ள, டெம்பெஸ்ட்டு விசயத்துல நீ சொன்னதுதான் செரி. நாந்தான் தப்பு. எல்லாரும் இங்கதான் இருக்கறாங்க, எல்லாருங் கேக்கத்தான் சொல்றன். போதுமா? கெளம்பி வா, பந்தி போட்டாச்சு"ன்னான். சத்தமாத்தான் சொன்னான். பின்னால எலை போடற சத்தம் கேக்குது, யாரோ தண்ணி கேக்கறாங்க, எவனும் திரும்பிக் கூடப் பாத்திருக்க மாட்டான். மூணு வருசமா நானு கேட்ட வார்த்தைங்க அது. ரசம் ஊத்தட்டுமான்னு கேக்கற மாதிரி சொல்லிட்டான். காலையில சொல்லியிருந்தா என்னங்க? ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருப்பான்?

போதும்னு சொல்லிட்டனுங்க. வேற என்ன சொல்றது?

அதா வருது பாருங்க, உங்க பஸ்ஸு. கூட்டமில்ல, எடங் கெடைக்கும். டீக்கு நானு பாத்துக்கறன், நீங்க போங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறன். நாந்தான் செரின்னு ஒத்துக்கிட்டானே, இனி என்ன?

பாப்பா அழுகவே இல்லையாமுங்க. ஊசி ஏறறப்பக் கூட அம்மா மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்துச்சாம். ரெண்டு காதுக்கும். எம் மடியா இருந்தா அழுதிருக்குமுங்க. என்னைப் பழக்கமில்லையில்ல.